கட்டடம் திறந்தாச்சு, வழி எங்கே?



கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த நாளில் இருந்து இணையத்தில் ஒரே சண்டைதான் ஓடிக்கிட்டு இருக்கு. "அடிக்கல் போட்டது எங்க ஆட்சி" என்கிறது ஒரு தரப்பு. "கட்டி முடிச்சுத் திறந்தது எங்க ஆட்சி" என்கிறது இன்னொரு தரப்பு. ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். 2019 பிப்ரவரியில் அடிக்கல். 2023 டிசம்பர் 30 அன்று திறப்பு. நடுவில் ஆட்சி மாறியது. கல்வெட்டில் யார் பெயர் பெருசா இருக்கணும்னு அவங்க அடிச்சுக்கட்டும். நாம கேட்க வேண்டிய கேள்வி வேற.

88 ஏக்கர் இடம். ஏறக்குறைய 400 கோடி ரூபாய். கோயம்பேட்டை விட ரெண்டு மடங்குக்கு மேல பெருசு. ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயில் ஓடுது. ஆனா திறப்பு விழா நடந்த அன்னைக்கு அந்த ரயிலில் ஏறுவதற்கு அங்கே ஒரு நிலையம் கிடையாது. சாலையைத் தாண்ட நடைமேம்பாலம் கிடையாது. மெட்ரோ விமான நிலையத்தோடு நிக்குது. அங்கிருந்து கிளாம்பாக்கம் வரைக்குமான 15.46 கிலோமீட்டர் மெட்ரோ அன்னைக்கு வெறும் காகிதம்.

இப்போ நீங்களே அந்த இடத்தில் நின்னு பாருங்க. விழுப்புரத்தில் இருந்து அதிகாலை மூணு மணிக்கு வந்து இறங்குறீங்க. கையில் ரெண்டு பை, இடுப்பில் குழந்தை. போக வேண்டியது ராயப்பேட்டை அரசு மருத்துவமனை. மாநகரப் பேருந்து எப்ப வரும்னு தெரியாது. ஊரப்பாக்கமோ வண்டலூரோ நடந்து போனாத்தான் ரயில். ஆட்டோக்காரர் கேக்குற காசு, நீங்க ஊர்ல இருந்து வந்த டிக்கெட்டை விட அதிகம். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அந்த நேரத்தில் அவரும் காலி வண்டியாத்தான் திரும்பி வரணும். 2024 பிப்ரவரியில் அங்கே நள்ளிரவில் பஸ் இல்லாம மக்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் பண்ணாங்களே, அவங்க எந்தக் கட்சிக்காரங்க? எந்தக் கட்சியும் இல்லை. வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான்.

இதுல வேதனையான வேடிக்கை ஒண்ணு இருக்கு. கோயம்பேடு பேருந்து நிலையம் திறந்தது 2002 நவம்பர். அங்கே மெட்ரோ வந்தது 2015 ஜூன். பன்னிரண்டரை வருஷம் மக்கள் காத்திருந்து, ஒருவழியா பஸ்ஸும் மெட்ரோவும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் எட்டரை வருஷம். தென் மாவட்ட பஸ்களை எல்லாம் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி, மெட்ரோவே இல்லாத இடத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. நகரத்துக்குள்ள நெரிசல் குறையணும்ங்கிற நோக்கத்தை நாம மறுக்கலை. பஸ்ஸை நகர்த்தினவங்க ரயிலை ஏன் கூடவே நகர்த்தலைன்னுதான் கேக்குறோம்.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது புதுசு இல்லை. கட்டுமான மேலாண்மை பாடத்தில் வர்றதுதான் இது: எந்த வேலை தள்ளிப்போனா மொத்தத் திட்டமும் தள்ளிப்போகுமோ, அந்த வேலையை முதல்ல கண்டுபிடி, அது தள்ளிப்போகாம பார்த்துக்கோ. 'கிரிட்டிகல் பாத்'னு பேரு. கிளாம்பாக்கத்தில் அந்த வேலை எது? கூரை இல்லை. கிரானைட் தரை இல்லை. ரயில் நிலையமும் நடைமேம்பாலமும்தான். அதைத்தான் கடைசிக்குத் தள்ளினாங்க. ஏன்? ரிப்பன் வெட்ட கூரை போதும்.

சரி, இது ஒரு முனையத்தோட கதையா மட்டும் இருந்தா இவ்வளவு நீளமா எழுத வேண்டியதில்லை. நம்ம மாநிலத்திலும், நம்மை மாதிரி வளரும் நாடுகள் முழுக்கவும் இதே தப்பு வேற வேற பேர்ல நடக்குது. பொருளைக் கட்டுறாங்க, இணைப்பைக் கட்டுறதில்லை.

வேளச்சேரியில் இருந்து பரங்கிமலைக்கு பறக்கும் ரயிலை நீட்டிக்கிற வேலை 2008இல் தொடங்கியது. மொத்தமே 5 கிலோமீட்டர். நாலரை கிலோமீட்டருக்குத் தூண் எல்லாம் எழும்பி நின்னுச்சு. ஆதம்பாக்கத்தில் 500 மீட்டர் நிலம் கைக்கு வராததால பத்து வருஷத்துக்கும் மேல அப்படியே நின்னுச்சு. 495 கோடியில் முடிய வேண்டிய வேலை 734 கோடிக்கு ஏறிச்சு. அந்த 500 மீட்டரில் வீடு வச்சிருந்தவங்க கோர்ட்டுக்குப் போனதைக் குறை சொல்ல முடியாது. நியாயமான விலை கேட்டாங்க. நிலம் உறுதியாகிறதுக்கு முன்னாடியே மத்த நாலரை கிலோமீட்டருக்கும் தூண் போட உத்தரவு கொடுத்தது யாருன்னு கேளுங்க. தூண் நின்னா போட்டோ வரும். நில ஆர்ஜித ஃபைலுக்கு யாராவது போட்டோ எடுப்பாங்களா?

திருச்சி பஞ்சப்பூர் முனையத்தையும் பாருங்க. 2025 மே மாசம் விழா. பஸ் ஓட ஆரம்பிச்சது ஜூலையில். ரெண்டு மாசம் பெரிய தாமதம் இல்லைதான். ஆனா எந்தத் தேதியை முதல்ல குறிச்சாங்கன்னு அதுலயே தெரியுது.

இப்போ மின்சாரத்துக்கு வருவோம். இது இன்னும் வலிக்கும்.

2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கா? நான் அப்போ எட்டாம் வகுப்பு. சென்னைக்கு ரெண்டு மணி நேரம்தான் கட். வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல. கோவையில் சின்னச் சின்ன லேத் பட்டறை வச்சிருந்தவங்க, மோட்டார் பம்ப் உதிரி பாகம் செஞ்சவங்க எத்தனை பேர் அந்த வருஷம் கடையைப் பூட்டினாங்கன்னு அங்கே போய்க் கேட்டுப் பாருங்க. அன்னைக்கு ரெண்டு தரப்பும் சொன்னது ஒண்ணுதான். "அவங்க மின் நிலையம் கட்டலை." "இல்லை, அவங்கதான் கட்டலை." மெகாவாட் கணக்கைத் தூக்கி ஒருத்தர் மேல ஒருத்தர் எறிஞ்சாங்க.

யாரும் சத்தமாச் சொல்லாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. அதே காலத்தில் நாட்டின் மத்த பகுதிகளில் விற்பனைக்கு மின்சாரம் இருந்தது. வாங்கத் தயாரா ஆளும் இருந்தாங்க. கொண்டு வரத்தான் கம்பி இல்லை. தென்னிந்திய மின்கட்டமைப்பு மத்த இந்தியாவோட முழுசா இணையாம தனித் தீவா இருந்தது. சில குறுகிய இணைப்புகள் வழியா மட்டும் கொஞ்சம் மின்சாரம் வந்து போச்சு. ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கி, தெற்கு மொத்த நாட்டோடு ஒரே கட்டமைப்பா இணைஞ்சது 2013 டிசம்பர் 31. சுதந்திரம் வந்து 66 வருஷம் கழிச்சு! (நியாயமா இன்னொண்ணையும் சொல்லிடணும். 2012 ஜூலை கடைசியில் வட இந்தியா மொத்தமும் இருட்டானபோது நாம தப்பிச்சதுக்கும் அந்தத் தனித் தீவுதான் காரணம். ஆனா தப்பிச்சது ரெண்டு நாள். தவிச்சது வருஷக்கணக்கில்.)

அதே வருஷங்களில் நம்ம ஊரிலேயே இன்னொரு கொடுமையும் நடந்துச்சு. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுத்துது. காத்து சீசனில் அவ்வளவு மின்சாரத்தையும் வெளியே எடுத்துட்டுப் போக மின்தடமும் துணைமின் நிலையமும் போதலை. ஓடுற காற்றாலையை நிறுத்தச் சொன்னாங்க. ஒரு பக்கம் வீட்டில் விசிறி நிக்குது, இன்னொரு பக்கம் காற்றாலை விசிறியை நிறுத்தி வைக்கிறாங்க. இந்தக் காட்சியை விடப் பெரிய அரசியல் விமர்சனம் எனக்குத் தெரிஞ்சு வேற இல்லை.

காத்து வீசுற நேரத்துக்கும் நமக்கு மின்சாரம் தேவைப்படுற நேரத்துக்கும் பொருத்தம் இருக்காது. அதைச் சேமிச்சு வைக்க நம்ம பொறியாளர்களுக்கு எப்பவோ வழி தெரியும். வால்பாறை மலைப்பக்கம் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் இருக்கு. மின்சாரம் மிச்சமா இருக்கும்போது கீழ் அணையில் இருக்குற தண்ணியை மேல ஏத்தி வைக்கும். தேவைப்படும்போது அதே தண்ணியைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும். 1980களின் கடைசியில் இருந்தே அது இயங்குது. அதுக்குப் பிறகு காற்றாலை பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி எங்கேயோ போயிடுச்சு. அடுத்த நீரேற்று நிலையமா வந்திருக்க வேண்டிய குந்தா 500 மெகாவாட் திட்டம் வருஷக்கணக்கா தள்ளித் தள்ளிப் போச்சு. 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த எண்ணை எல்லாரும் பெருமையா கார்டு போட்டு ஷேர் பண்ணாங்க. சேமிப்பு எத்தனை மெகாவாட்னு ஒரு கார்டாவது பார்த்தீங்களா?

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த வியாதின்னு நினைக்காதீங்க. பக்கத்துல வங்கதேசத்தைப் பாருங்க. பாய்ராவில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம். முதல் யூனிட் 2020 மே மாசமும், ரெண்டாவது அதே வருஷக் கடைசியிலும் தயார். ஆனா டாக்காவுக்கு மின்சாரம் கொண்டு போக பத்மா நதியைத் தாண்டிக் கம்பி இழுக்கணும். அது முடிஞ்சது 2022 டிசம்பரில். ரெண்டு வருஷம் பாதி நிலையம் சும்மா நின்னுச்சு. சும்மா நின்னாலும் காசு கொடுக்கணும், ஒப்பந்தம் அப்படி. ஆட்டோவை வாசல்ல நிறுத்தி வச்சா வெயிட்டிங் சார்ஜ் ஏறுமே, அதே மாதிரிதான். மின்துறையில் அதுக்கு 'கெப்பாசிட்டி சார்ஜ்'னு பேரு. ஆட்டோவைக் கூப்பிட்டது மந்திரி, சார்ஜ் கட்டுறது மக்கள். கம்பி வந்த ஆறே மாசத்தில், 2023 ஜூனில், நிலக்கரி வாங்க டாலர் இல்லாம அந்த நிலையத்தையே கொஞ்ச நாள் மூடினாங்க. நிலையம் கட்டும்போது எரிபொருளுக்குக் காசு எங்கிருந்து வரும்னு யாரும் கணக்குப் போடலையா? போட்டிருப்பாங்க. ஆனா அது வேற துறையோட ஃபைல்.

கென்யாவில் துர்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள், 310 மெகாவாட். 2017இல் எல்லாம் தயார். தேசியக் கட்டமைப்போடு இணைக்க 400 கிலோமீட்டருக்கு மேல மின்தடம் வேணும். காற்றாலைக்குக் கடன் ஒரு பக்கம், மின்தடத்துக்குக் கடன் ஸ்பெயினில் இருந்து. தடம் போட வந்த ஸ்பெயின் நிறுவனம் நடுவிலேயே திவால். 2018 செப்டம்பரில்தான் இணைப்பு வந்தது. அதுவரைக்கும் ஒரு யூனிட் கூட வாங்காத மின்சாரத்துக்கு அபராதம் ஏறி, 500 கோடி ஷில்லிங்கைத் தாண்டிச்சு. இந்த ஒப்பந்தம் மக்கள் தலையில் வந்து விடியும்னு சொல்லித்தான் உலக வங்கியே 2012இல் இந்தத் திட்டத்தில் இருந்து விலகிச்சு. எச்சரிக்கை இல்லாம நடந்த விபத்து இல்லை இது.

அதே கென்யாவில் மொம்பாசாவில் இருந்து நைரோபிக்கு சீனக் கடனில் புது ரயில் பாதை, 2017இல் திறந்தாங்க. உகாண்டா எல்லை வரைக்கும் போகும்னு சொன்ன பாதை 2019இல் நைவாஷா வரைக்கும் வந்து நின்னுச்சு. அதுக்கு மேல போகக் கடன் கிடைக்கலை. எல்லை தாண்டிப் போற சரக்கை நம்பிப் போட்ட கணக்கு, எல்லைக்கே போகாத பாதையில் எப்படித் தேறும்?

மூணு நாட்டுக்கும் மொழி வேற, ஆட்சி வேற, கடன் கொடுத்தவன் வேற. ஆனா நோய் ஒண்ணு. காரணம் எளிமையானதுதான். ஒரு ஆட்சிக்கு அஞ்சு வருஷம். அதுக்குள்ள காட்ட ஏதாவது வேணும். அனல்மின் புகைபோக்கி தூரத்தில் இருந்தே தெரியும். துணைமின் நிலையத்தை யார் பார்க்கிறாங்க? கடன் கொடுக்கிறவனுக்கும் ஒரே இடத்தில், ஒரே ஒப்பந்தக்காரரிடம், பெரிய தொகையாக் கொடுக்கிறதுதான் வசதி. நூறு ஊரில் நூறு சின்ன இணைப்புக்கு எவன் கடன் கொடுப்பான்? அதோடு துறைகள். கிளாம்பாக்கத்தையே எடுத்துக்குங்க. கட்டினது சி.எம்.டி.ஏ. பஸ் ஓட்டுறது போக்குவரத்துத் துறை. ரயில் டெல்லியின் கையில். மெட்ரோவுக்குத் தனி நிறுவனம். அவங்கவங்க வேலையை அவங்கவங்க முடிச்சா அவங்கவங்களுக்குப் பாராட்டு. நடுவில் இருக்கிற 300, 400 மீட்டர் யாருடையது? அங்கேதான் நீங்க பையைத் தூக்கிக்கிட்டு நடக்குறீங்க.

இந்த நடு இடத்தைப் பார்த்துக்கத்தான் சென்னைக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம்னு ஒண்ணு இருக்கு. சுருக்கமா 'கும்டா'. சட்டம் போட்டது 2010. முதல்வர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பர். பன்னிரண்டு வருஷம்! எல்லாத்தையும் இணைக்க வந்த அமைப்பு, தானே ஒரு மேசையில் உட்கார பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கிச்சு. இந்தப் பன்னிரண்டு வருஷத்திலும் ரெண்டு தரப்பும் ஆட்சியில் இருந்திருக்காங்க, யாரும் நழுவ முடியாது. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, ரயில் எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' செயலி வந்துச்சு. நல்ல வேலை, பாராட்டுறோம். ஆனா செயலியில் இணைஞ்ச மாதிரி தரையிலும் இணையணும். போன்ல க்யூஆர் கோடு இருந்து என்ன, நிறுத்தத்தில் பஸ் இல்லைன்னா?

டெல்லியையும் விட முடியாது. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகளை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிச்சு. சொன்ன காரணங்களில் முக்கியமானது, 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள் தொகை வேணும், இல்லை. எந்த வருஷத்துக் கணக்கு? 2011. அந்த 2011 கணக்கிலேயே கோவை மாநகராட்சி எல்லைக்குள் எண்ணினா சுமார் 15.8 லட்சம். கோவை நகர்த் திரளை முழுசா எண்ணினா 21 லட்சத்துக்கு மேல. சூலூரில் இருந்து தினமும் காந்திபுரம் வர்றவர் கோவைக்காரரா இல்லையா? எல்லைக் கோட்டை எங்கே போடுறோம்கிறதை வச்சே திட்டம் உயிரோட இருக்கா இல்லையான்னு முடிவாகுது. ஆக்ராவுக்கு இதே கொள்கை வந்த பிறகு, 2019இல் அனுமதி கொடுத்தாங்களே, அங்கே மாநகர மக்கள் தொகை 2011இல் எவ்வளவு? அதுவும் கிட்டத்தட்ட 15.8 லட்சம்தான்.

இதுக்கு மேல பெரிய அவமானம், 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளா அறிவிச்சிருக்காங்க. பதினாறு வருஷம்! 2011இல் பிறந்த குழந்தை பத்தாவது முடிச்சு, ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கிட்டு இருக்கு. அந்தக் குழந்தை பிறந்த வருஷத்துக் கணக்கை வச்சு, அது வேலைக்குப் போற காலத்துக்கு ரயில் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. எத்தனை பேர் இருக்காங்கன்னே தெரியாம எத்தனை பெட்டி ஓட்டணும்னு எப்படிக் கணக்குப் போடுவாங்க?

ஒரு விஷயத்தை நம்ம தோழர்களுக்கே சொல்லிடணும். சிலருக்குப் பிடிக்காம இருக்கலாம். எல்லா ஊருக்கும் மெட்ரோ கேக்கிறது மட்டுமே போராட்டம் இல்லை. சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. ஒரு கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல. ஒரு நல்ல பஸ் ஒண்ணரை கோடின்னு வச்சாக்கூட, ஒரு கிலோமீட்டர் மெட்ரோ காசில் 350 பஸ் வாங்கலாம். ஓட்டுநர், நடத்துநர் சம்பளமும் எரிபொருளும் வருஷா வருஷம் தனி, அதையும் ஒத்துக்கிறேன். இருந்தாலும் 2024 கணக்கில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் 3,500க்கும் குறைவான பஸ்தான் இருந்துச்சு. பெங்களூரில் 6,000க்கு மேல. மெட்ரோ நிலையத்தில் இருந்து வீட்டுக்குப் போக பஸ் இல்லைன்னா மெட்ரோவில் யார் ஏறுவாங்க? பறக்கும் ரயில் நமக்குக் கத்துக்கொடுத்த பாடம் இது. 1995இல் ஓட ஆரம்பிச்சது, அரண்மனை மாதிரி நிலையங்கள், உள்ளே போனா ஆள் இல்லாத கூடம். வாசலில் பஸ் நிறுத்தம் இல்லைன்னா ரயில் நிலையம் வெறும் மண்டபம்தான்.

"முதல்ல கட்டுவோம், இணைப்பு தானா பின்னாடி வரும்" என்று ஒரு வாதம் வரும். ஆட்சியில் இருக்கிறவங்க எல்லாரும் சொல்றது. கோயம்பேட்டுக்குப் பின்னாடி வந்துச்சு, பன்னிரண்டரை வருஷம் கழிச்சு. அதுக்குள்ள அங்கே பஸ்ஸை நம்பி இருந்தவன் கடன் வாங்கி பைக் வாங்கிட்டான். அப்புறம் அவன் திரும்ப மாட்டான். நெரிசல் நெரிசல்னு அடுத்த மேம்பாலம் கட்ட வேண்டியதுதான்.

இணைப்பை முன்னாடி கட்ட முடியாதா? முடியும். அமெரிக்காவில் டெக்ஸாஸ், அனல்மின்னும் எண்ணெயும் கோலோச்சுற ஊர். 2008இல் அவங்க ஒரு முடிவு எடுத்தாங்க. காத்து எங்கே நல்லா வீசுதோ அந்த மேற்குப் பகுதிக்கு, காற்றாலை வர்றதுக்கு முன்னாடியே மின்தடம் போடுறது. சுமார் 700 கோடி டாலர் செலவு, 2014 தொடக்கத்தில் முடிஞ்சது. தடம் வந்த பிறகு காற்றாலைகள் தானா வந்து வரிசையில் நின்னுச்சு. பணக்கார நாட்டுக்காரன் கதைன்னு சொன்னா, பிரேசிலில் குரிச்சிபா நகரத்தைப் பாருங்க. 1974இல் பஸ்ஸுக்குன்னு தனித் தடம் போட்டாங்க. உயரமான அடுக்குமாடிகளை அந்தத் தடத்தை ஒட்டித்தான் கட்டணும்னு கட்டட விதியையும் அதே திட்டத்தில் எழுதினாங்க. மெட்ரோவுக்குக் காசு இல்லாத ஊர் அது. காசு இல்லாததால திட்டம் ஒழுங்கா போட வேண்டிய கட்டாயம். நமக்கும் காசு இல்லை, ஆனா திட்டமும் இல்லை.

"அப்போ உங்க கட்சி வளர்ச்சிக்கு எதிரியா?" இந்தக் கமெண்ட் கீழே நிச்சயம் வரும், யார் போடுவாங்கன்னுகூட நமக்குத் தெரியும். பதில் இதுதான். நாம கேக்கிறது சட்டம். எந்தப் பெரிய பேருந்து முனையத்துக்கும் ரயில், நகரப் பேருந்து, நடைபாதை இணைப்பு இயங்கின பிறகுதான் திறப்பு. எந்த மின் நிலைய ஒப்பந்தத்திலும் மின்தடம் தயாராகும் முன்னாடி நிலைக் கட்டணம் ஆரம்பிக்கக் கூடாது. தாமதத்துக்கு யார் காரணமோ அவங்க பையில் இருந்து போகட்டும், மின் கட்டண பில்லில் வேண்டாம். கும்டாவுக்கு ஆலோசனை சொல்ற இடம் மட்டும் போதாது, மத்த துறைகளின் பணத்தை நிறுத்தி வைக்கிற அதிகாரம் வேணும். அப்புறம், என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்: ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் "இத்தனை பேர் பயணிப்பாங்க, இத்தனை யூனிட் ஓடும்" என்று கணிச்ச எண்ணை, திறந்து ஒரு வருஷத்திலும் அஞ்சு வருஷத்திலும் உண்மையான எண்ணோட பக்கத்தில் வச்சு வெளியிடணும். தப்பாக் கணிச்ச ஆலோசனை நிறுவனத்துக்கு அடுத்த டெண்டர் கிடையாது. தேர்வில் ஃபெயில் ஆனா நமக்கு அரியர். அவங்களுக்கு மட்டும் ஏன் அடுத்த ப்ராஜெக்ட்?

இதுக்கு ஆட்சிக்கு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே தொடங்கலாம். உங்க ஊரில் கடந்த பத்து வருஷத்தில் திறந்த ஒரு பேருந்து நிலையம், மேம்பாலம், துணைமின் நிலையம், ஏதாவது ஒண்ணை எடுத்துக்குங்க. சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)இன் கீழ் ஒரு மனு. வெள்ளைத் தாள் போதும், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டணும். திட்ட அறிக்கையில் எத்தனை பயணிகள் அல்லது எவ்வளவு மின்பளு என்று கணித்தீர்கள், இப்போது எவ்வளவு, இணைப்புப் பணிகள் எவை, அவற்றில் எவை இன்னும் முடியவில்லை, ஏன்? இந்த நாலு கேள்வி. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க. 30 நாளில் பதில் வரணும். வரலைன்னா மேல்முறையீட்டு மனு எழுத உங்க மாவட்ட ஐ.டி. அணித் தோழர்கள் உதவுவாங்க. வந்த பதிலை அலுவலர் பெயரையும் உங்க முகவரியையும் மறைச்சுட்டு, ஊர் பெயரோட நம்ம பக்கத்துக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க. 234 தொகுதியில் இருந்தும் வரட்டும். கிளாம்பாக்கத்துக்கான மனு இன்னைக்குக் காலையிலேயே தபாலில் போயிடுச்சு.